மாது என்ற பெயரில் இறந்தவருக்கு

உங்களை வேறொருவன் பெயரில் சாகவிட்டார்கள், அண்ணே.

நேற்று அண்ணி உங்கள் காக்கிச் சட்டையைக் கொண்டுவந்தார். மூன்று முறை சோப்புப் போட்டும் மெஷின் ஆயில் வாடை போகவில்லை. "வூட்டுல வெச்சிருந்தா புள்ளைங்க மோந்து பாத்து அழுவுதுங்க தம்பி. நீயாச்சும் போட்டுக்க" என்றார். அந்த வாடை இந்த அறை முழுக்க இருக்கிறது.

அதியமான்கோட்டையில் உங்கள் கிணறு வற்றிய வருடம் இருவரும் ஓசூருக்கு பஸ் ஏறினோம். "நெலத்த நம்புனா வானத்தப் பாக்கணும். கம்பெனின்னா சங்கு ஊதுனதும் போய் நின்னாப் போதும்டா" என்றீர்கள். நிலையான வேலை என்று நம்பித்தான் போனோம்.

தொடர்ந்து இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தால் நிரந்தரம் கேட்டுவிடுவோம் என்பது காண்ட்ராக்டருக்குத் தெரியும். அதற்குள் நம்மை நிறுத்திவிடுவார். பத்து நாள் கழித்து வேறு பெயரில் புது கார்டு போட்டு, அதே மெஷினுக்கு அனுப்புவார். நீங்கள் ராமன் ஆனீர்கள், பிறகு கோவிந்தன், கடைசியில் மாது.

ஒருநாள் போர்மேன் "கோவிந்தா, கோவிந்தா" என்று கத்தினார். நீங்கள் திரும்பவே இல்லை. "காது செவுடாய்யா?"

"போன மாசம் வரைக்கும் ராமனா இருந்தேனுங்க சார். இன்னும் பழக்கமாவுல."

ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

இனி பொய்க் கார்டு வாங்கக்கூடாது என்று நான் குதித்தபோது, "பேரு போனாப் போவுது, வேலை இருந்தாச் சரி. இப்ப அனுசரிச்சுப் போவோம்டா" என்றீர்கள். அதை நீங்கள் நம்பித்தான் சொன்னீர்களா, இல்லை என் வாயை அடைக்கச் சொன்னீர்களா? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

புது மெஷின் வந்த அன்று மேனேஜர் நம்மை நிற்கவைத்துப் பேசினார். "காலம் மாறுது. இனிமே எந்த வேலையும் நிரந்தரம் கெடையாது. மாறத் தெரிஞ்சவன்தான் நிப்பான்." நாம் சேர்ந்த நாளிலிருந்து அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மட்டும் மாறவில்லை. அன்று மதியம் அந்த மெஷினைத் தூக்கும்போது சங்கிலி அறுந்தது. கீழே நீங்கள் நின்றிருந்தீர்கள்.

உங்கள் சொந்தப் பெயர் இருக்கும் ரேஷன் கார்டோடு அண்ணி ஆபீசுக்குப் போனார், நானும் கூடப் போனேன். "இந்தப் பேர்ல இங்க யாரும் வேலை செய்யலீங்களேம்மா" என்றார்கள். மாது அன்றைக்கு லீவு என்று பதிவேட்டில் எழுதிவைத்திருந்தார்கள். அண்ணி என்னைப் பார்த்தார். "நான் பக்கத்துல நின்னு பாத்தேன் சார்" என்றேன். குமாஸ்தா என் கார்டை வாங்கி, என் சொந்தப் பெயரைக் கேட்டு, சிரித்தார். "இதுல வேற பேரு போட்டிருக்குதேப்பா. மொதல்ல நீ யாருன்னு சொல்லு, அப்புறம் செத்தவரு யாருன்னு பாக்கலாம்."

அனுசரித்துப் போனதில் நம் சாட்சியும் போய்விட்டது. நீங்கள் விட்டுப்போனதில் நான் சுமப்பது இதைத்தான், அண்ணே.

இன்று காலை கேட்டில் எனக்குப் புது கார்டு நீட்டினார் காண்ட்ராக்டர். பெயர் சின்னசாமி. நான் வாங்கவில்லை. பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

"என் சொந்தப் பேர்ல குடுங்க. அண்ணன் இங்கதான் செத்தாருன்னு அவரு பேர்ல எழுதிக் குடுங்க."

காண்ட்ராக்டர் என் தோளுக்கு மேலே பார்த்தார். "அடுத்தது யாருப்பா?"