அப்பாவின் காரும் கறை ரூம் ஃபேனும்

அன்புள்ள அனு கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உங்கப்பாவின் கார் ஒன்றைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அவிநாசியப்பரை வேண்டிக்கொள்கிறேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஸ்டைல் பார்க்காதே. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உங்கப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் காதர்பேட்டை முஸ்தபா அண்ணன் மகள் ரைசா படிப்புக்கு அங்கே திரும்புகிறாள் என்றதும் இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பருப்புப் பொடி இருக்கிறது, டப்பாவைத் திறந்தால் ஈரக் கரண்டி போடாதே.

கார் கதை உனக்கும் தெரிந்திருக்கும், உங்கள் ஊர்க் கம்பெனி செய்த வேலைதானே. நீ ஜெர்மனிக்குப் போன பெருமையில் உங்கப்பா வாங்கிய அதே டீசல் கார்தான். அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம், புகையைச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளுமாம், ரோட்டில் இறங்கியதும் விஷத்தைக் கக்குமாம். பேப்பரில் இதைப் படித்துவிட்டு உங்கப்பா இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கே அதே கார் வைத்திருக்கிற யோக்கியர்கள் எல்லாரும் நம் போர்டிகோவில் கூடிவிட்டார்கள். காபி போட்டே எனக்குக் கை ஓய்ந்தது. விற்றால் இனி என்ன விலைக்குப் போகும் என்று ஒருவர் கேட்டார். வெளிநாட்டுக்காரர்களுக்கு நஷ்டஈடு தருகிறானாம், நமக்கு ஒரு சீட் கவராவது தரமாட்டானா என்று இன்னொருவர் கேட்டார். உன் வேல்குமார் சித்தப்பா, "மானம் போச்சுங்கண்ணா, கேஸ் போட்டுரலாமுங்க" என்று மேசையைத் தட்டினான். இத்தனை நாள் அந்தப் புகையை மூச்சில் இழுத்தது யார் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. முஸ்தபா அண்ணன் மட்டும் "நம்ம பின்னாடி பைக்ல வந்தவனெல்லாம் பாவமுங்க" என்று ஆரம்பித்தார், அதற்குள் யாரோ மைலேஜைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள், அவரும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் கோயமுத்தூர் ஷோரூமுக்குச் சண்டைக்குப் போனார்கள். நானும் துணிக்கடை வேலை இருந்ததால் கூடப் போனேன், போகாமல் இருந்திருந்தால் இந்தக் கூத்தைப் பார்த்திருக்க முடியாது. அங்கே இருந்த பெண் எல்லாரையும் ஏசியில் உட்காரவைத்து, கம்ப்யூட்டரை இலவசமாகச் சரிசெய்து தருகிறோம், அப்புறம் எப்போதும் புகை அளவாகத்தான் வரும் என்று சொன்னாள். உங்கப்பா உடனே, "பிக்கப் கொறையுமாங்க அம்மணி?" என்று கேட்டார். கொஞ்சம் குறையலாம் சார் என்றாள். "அப்ப வேண்டாமுங்க, இப்படியே ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். மற்றவர்களும் அதே. நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். இதில் வெட்கம் என்னவென்றால், திரும்பி வருகிற வழியெல்லாம் அதே காரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார். "பாக்கறப்ப ஒரு மாதிரி, பாக்காதப்ப ஒரு மாதிரி, இவனெல்லாம் சோறுதான் திங்கறானா" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி முடிக்கவில்லை, நம் பனியன் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கறை எடுக்கும் ரூமில் வேலாத்தாள் மயங்கி விழுந்துவிட்டாள். உனக்கு அவளைத் தெரியும், பள்ளிக்கூடம் போகும்போது உன் யூனிபார்மில் பட்டன் அறுந்தால் தைத்துக் கொடுப்பாளே, அவள்தான். பனியனில் எண்ணெய்க் கறை இருந்தால் கறை போக்கும் மருந்தைத் துப்பாக்கி போன்ற ஒன்றால் அடித்து எடுப்பாள். நாற்றம் தலையைப் பிளக்கும். அதை வெளியே இழுக்கத்தான் சுவரில் அவ்வளவு பெரிய ஃபேன். அது எப்போது ஓடும் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நம்மிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்காக ஆடிட் வந்தால் ஓடும், எல்லார் மூஞ்சியிலும் மாஸ்க் ஏறும், பின்வாசல் பூட்டு திறக்கும். ஆடிட்காரர்களின் வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் ஃபேன் நின்றுவிடும், கரண்ட் பில் ஏறுகிறதாம்.

ஆஸ்பத்திரியில் நுரையீரல் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வேலாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஆடிட்டு எப்பங்கம்மா வருது? அன்னைக்கு ஒரு நாளுதான் நல்லா மூச்சு விட முடியுதுங்க" என்று கேட்டாள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை கண்ணு. அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டேன். அந்த ரூமில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி நிற்கிறாள், உன்னைவிடச் சின்னவள்.

ஃபேனை ஓட விடுங்கள் என்று உங்கப்பாவிடம் சொன்னேன். சரி என்றார். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் ஓடத்தான் செய்தது. அப்புறம்தான் தெரிந்தது, என் ஸ்கூட்டி கேட்டுக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் மேலே போன் பண்ணுகிறானாம். காரைத் திட்டுகிற மனுஷனின் லட்சணம் இது. ஞாயிற்றுக்கிழமை பனியன் முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஏமாற்று வேலை என்று பேசப் போகிறாராம், சட்டையை இஸ்திரி போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவரையே போடச் சொல்லிவிட்டேன்.

இனி உன்னிடம் வருகிறேன். தன்னைச் சோதிக்கிறார்கள் என்று காருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சக்கரம் சுற்றும், ஸ்டீரிங் திரும்பாது, அதை வைத்துக் கண்டுபிடிக்கும் என்றார் உங்கப்பா. நம் கம்பெனிக்கு எப்படித் தெரிகிறது என்று யோசித்தேன். சொல்லாமல் வருகிற ஆடிட் என்று பேர், அதை அனுப்புகிற ஆபீஸில் வேலை பார்ப்பவள் நீ. "அப்பா, வர்ற வியாழக்கிழமை வீட்டை நல்லாக் கூட்டி வைங்க" என்று போன் பண்ணுவாய். அப்பா மேல் பாசத்தில் சொல்கிறாய், தெரியும். அந்தப் பாசத்தில்தான் வேலாத்தாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். இதைக் கோபத்தில் எழுதவில்லை என்று சொன்னால் பொய்.

ஆர்டர் போய்விட்டால் என்ன செய்வது என்று உங்கப்பா கேட்பார். போகட்டும். ஒரு தடவை உண்மையாக மாட்டினால் அப்புறம் அந்த ஃபேன் நிற்காது. நானும் எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டேன், பயம் ஒன்றுக்குத்தான் அவர் அடங்குவார்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். தீர்க்காயுசாக, நல்ல பேரோடு நீங்கள் இருவரும் வாழவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த ஆடிட் தேதியை அப்பாவுக்குச் சொல்லாதே. எனக்கும் சொல்லாதே. ஆடிட் அன்றைக்கு மட்டும் திறக்கிற மாஸ்க் பீரோவின் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

உன் அம்மா,
இந்துமதி கந்தப்பன்