மஞ்சள் அட்டையும் முப்பத்தொன்பது கிளெய்மும்

அக்டோபர் 6, திங்கள்

பதினோரு கிளெய்ம் திரும்பி வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: செல்லாத குறியீடு.

டாக்டர் எழுதும் நோயை எண்ணாக மாற்றி இன்ஷூரன்ஸுக்கு அனுப்புவதுதான் என் பிழைப்பு. பன்னிரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள் நான். மூன்று மாத சோதனைக் காலம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நிரந்தரமாக்குவார்களா, வீட்டுக்குப் போ என்பார்களா? டீம் லீடர் பரிந்துரைக்க வேண்டும். அந்த டீம் லீடர்தான் என் நாத்தனார். வீட்டில் அண்ணி, ஆபீஸில் மேடம். என் நாக்கு படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 7

பக்கத்து மேஜைக்காரிக்கும் ஒன்பது திரும்பியிருக்கிறது. சிஸ்டம் கோளாறு என்கிறாள். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. மஞ்சள் அட்டையைப் பார்த்துத்தானே எல்லோரும் போடுகிறோம்? அடிக்கடி வரும் இருநூறு குறியீடுகளை அண்ணி தன் கையால் எழுதி, லேமினேட் செய்து, ஒவ்வொரு மேஜையிலும் ஒட்டியிருக்கிறார். முத்து முத்தான எழுத்து. அதில் தப்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அக்டோபர் 8

கண்டுபிடித்துவிட்டேன்!

மதியம் டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. குறியீடுகளை வெளியிடும் அலுவலகத்தின் இணையதளத்தில் புதுப் பட்டியலே இருக்கிறது. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து நடைமுறை. அட்டையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பதினேழு குறியீடு செத்துப்போய்விட்டது. கூட்டுக்குடும்பமாக இருந்த ஒன்று நாலாகப் பிரிந்து தனிக்குடித்தனம் போயிருக்கிறது. ஒவ்வொன்றும் சிக்கச் சிக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூளை துருப்பிடித்துவிட்டது என்று பயந்துகொண்டிருந்தேனே — இல்லை, இல்லவே இல்லை!

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். வாய் சும்மா இருக்குமா? அட்டை பழசு சார் என்று எல்லார் முன்னாலும் கொட்டிவிட்டேன். “பரவாயில்லையே” என்றார். நான் வானத்தில் இருந்தேன். பிறகுதான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன்.

அக்டோபர் 9

காலையில் நான் போவதற்குள் எல்லா மேஜையிலும் அட்டை பிய்க்கப்பட்டிருந்தது. அண்ணி எல்லோரோடும் பேசினார். என்னைத் தவிர.

வீட்டில் இவரும், முதலில் அக்காவிடம் சொல்லியிருக்கலாமே என்றார். ஏன் சொல்லவில்லை? எனக்கே தெரியும். அந்தப் பாராட்டு மொத்தமும் எனக்கே வேண்டும் என்றிருந்தது.

அக்டோபர் 10

புதுப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். என் கணக்கில் நிலுவையில் இருந்த முப்பத்தொன்பது கிளெய்மையும் ஒரே நாளில் புதுக் குறியீட்டுக்கு மாற்றி அனுப்பிவிட்டேன். விரல் பறக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்தவள் எங்கேயும் போகவில்லை!

அக்டோபர் 14

இருபத்தெட்டு திரும்பி வந்துவிட்டது.

அதே வார்த்தை. செல்லாத குறியீடு. எப்படி? லிஸ்ட் சரியாத்தானே இருக்கு? பத்து தடவ பாத்தாச்சு, ஒரு எழுத்துகூட மாறல. அன்னிக்கு அவ்வளவு பேசினேனே, இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்? பரிந்துரையாவது மண்ணாவது.

அக்டோபர் 15

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரும்பி வந்ததில் ஒன்றைத் திறந்தார்.

“சிகிச்சை எப்போ நடந்துச்சு?”

“செப்டம்பர் இருபது.”

“அப்போ எந்த லிஸ்ட் நடைமுறைல இருந்துச்சு?”

அச்செடுத்த பட்டியலின் தலைப்பைப் பார்த்தேன்: அக்டோபர் 1 முதல்.

“நீ டைப் பண்ற தேதி யாருக்கு வேணும்? நோயாளி டாக்டரப் பாத்த தேதிய வெச்சுத்தான் கோட்.”

அவ்வளவுதான் விஷயம். செப்டம்பர் சிகிச்சைக்குச் செப்டம்பரில் செல்லுபடியான குறியீடு. அக்டோபருக்குப் புதுசு. இருபத்தெட்டும் செப்டம்பர்! முதலில் சரியாகப் போட்டிருந்ததை நானே போய்க் கெடுத்திருக்கிறேன். அவமானத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பூட்டு திறந்த மாதிரி இருந்தது.

இரண்டு பேருமாக ஆறு மணி வரை உட்கார்ந்து இருபத்தெட்டையும் திருத்தினோம். நடுவில், அன்றைக்கு முதலில் உங்களிடம் வந்திருக்க வேண்டும் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நானும் ஒன்னாம் தேதி லிஸ்ட்டப் பாத்திருக்கணும். பதினாறு வருஷமாச்சு, எல்லாம் மனசுலயே இருக்குன்னு இருந்துட்டேன்.”

அக்டோபர் 17

இருபத்தெட்டும் ஏறிவிட்டது! ஒன்றுகூடத் திரும்பவில்லை!

அக்டோபர் 24

இப்போதெல்லாம் எந்தக் கோப்பைத் திறந்தாலும் இரண்டு பேரும் ஒரே குரலில் “தேதி?” என்கிறோம். பக்கத்து மேஜைக்காரி, ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேரை வேலைக்கு எடுத்தது தப்பு என்று தலையில் அடித்துக்கொள்கிறாள்.

அக்டோபர் 31

மேனேஜர் கூப்பிட்டார். நிரந்தரம்!

என் கையெழுத்துக்காகப் படிவத்தை என் பக்கம் திருப்பிவைத்தார். இருபத்தெட்டை ஒழுங்காகச் சரிசெய்ததைப் பார்த்துத்தான் அண்ணி மனம் இளகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் திறந்தேன். பரிந்துரை என்ற இடத்தில் அவருடைய முத்து எழுத்து: வேலையில் கெட்டி, வைத்துக்கொள்ளலாம். கீழே கையெழுத்து, தேதி.

தேதியை இரண்டு தடவை பார்த்தேன். அக்டோபர் 9. அன்று முழுக்க அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.