மருந்தடிக்காத மக்காச்சோளம்

என் வீட்டுச் சிடுமூஞ்சிக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னபடி மருந்தடிக்கத்தான் போனேன். தெளிப்பானை முதுகில் மாட்டி எழுந்தவள், கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி வரப்பில் மல்லாந்துவிட்டேன். மூடி கழன்று மருந்து வழிந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும், அன்று மருந்தடிக்கும்போது நீங்கள் அதே வரப்பில் மயங்கிக் கிடந்தது... சரி, அதை விடுங்கள்.

இந்தப் போகம் மருந்து கிடையாது. போனில் சொன்னால் கத்துவீர்கள், கத்தினால் மூச்சு வாங்கும். அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே திட்டுங்கள், மெதுவாக.

பொய் சொல்ல மாட்டேன். பத்துச் செடிக்கு நாலில் புழு குருத்தைத் தின்கிறது. யூரியாவை மட்டும் கொட்டிய மேட்டுப்பக்கம் பார்த்தால் வயிறு எரிகிறது. தொழுவுரம் போட்ட பள்ளத்தில் மட்டும் கடிபட்ட செடியும் புதுக்குருத்து விட்டு நிமிர்கிறது. அங்கே குளவிகள் வந்து புழுவைத் தூக்கிப் போகின்றன. மேட்டுக்கும் எரு சுமக்கிறேன். விளையுமா, தெரியாது.

உங்கள் தம்பி வந்து, "என்ன அண்ணி, புழுவுக்கு விருந்தா?" என்றான்.

"ஆமா தம்பி, உன்னைத்தான் கூப்பிட மறந்துட்டேன்."

சிரித்தான். பிறகு, "அண்ணன் இனிமே சோளக்காட்டுல இறங்கலாமா? டாக்டர் என்ன சொன்னாரு?" என்றான். நான் எரு அள்ளப் போய்விட்டேன்.

இன்று காலை, புழு பொறுக்கட்டும் என்று கோழிகளைக் காட்டுக்குள் விட்டேன். ஒன்று மட்டும் திரும்பி வந்து வாசலில் உங்கள் செருப்புக்குள் முட்டையிட்டிருக்கிறது. இப்போதெல்லாம் நான் காட்டுக்கு அதைத்தான் மாட்டிக்கொண்டு போகிறேன்; காலை நுழைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி