மாற்ற மறந்த பிப்பெட்

செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீ உடம்பும் மனதும் தெம்பாக இருப்பாய் என்று நம்பிப் பேனாவை எடுத்தேன். தொலைபேசி என்றால் குறுக்கே பேசுவாய், கடிதத்தில் உன் பாச்சா பலிக்காது.

போன வாரம் நீ, விடும்மா, பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின கட்டுரை, யாரு தோண்டப் போறாங்க, ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தானே என்றாய். எங்கள் ஆய்வு நிறுவன இயக்குநரும் அதையேதான் சொன்னார், இருவரும் பேசிவைத்துக்கொண்டீர்களோ என்று நினைத்தேன். இன்று காலை அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். இனி நீ புத்தி சொல்லிப் பயனில்லை, விஷயத்தை முழுதாகக் கேள்.

மீன் கருவில் துடுப்பு வளரும்போது போதும், நிறுத்து என்று சொல்கிற மரபணுவை நான்தான் கண்டுபிடித்தேன், அதை எவனும் அசைக்க முடியாது. அதே மரபணு குடல் புற்றில் ஊமையாகிவிடுகிறது என்று காட்டிய அந்தக் கட்டுரைதான் எனக்குப் பேர் வாங்கித் தந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் சந்தேகம் என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் மாணவி ஒருத்தி, எதையும் இரண்டு முறை எண்ணுகிறவள், கட்டுரைக்காக நான் வளர்த்த குடல் புற்றுச் செல்களுக்கு அடையாளச் சோதனை செய்தாள். அவை குடல் செல்களே இல்லை. பக்கத்துக் குடுவையில் நான் வளர்த்த கருப்பைவாய்ப் புற்றுச் செல்கள், படுவேகமாகப் பெருகுகிற இனம், ஒரு துளி உள்ளே போனால் போதும், சில வாரத்தில் வீட்டுக்காரரைத் துரத்திவிட்டு அதுவே குடியேறிவிடும். நான் திட்டுவேன் என்று பயந்து அந்தப் பெண் அழுதுகொண்டே வந்தாள். அழுகையை அப்புறம் வைத்துக்கொள், திரும்பச் செய் என்றேன். மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் அதே பதில்.

இயக்குநர், ஏன் மேடம் ஊதிப் பெரிசாக்கறீங்க, அந்தப் பொண்ணை வேற தலைப்பு எடுத்துக்கச் சொல்லுங்க, நம்ம மானம் போயிடும் என்றார். என் கட்டுரையை நம்பி ஒரு மருத்துவமனையில் குடல் புற்று நோயாளிகளுக்குப் புது மருந்து கொடுத்துப் பார்க்கத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள், அவங்க உடம்பைவிட நம்ம மானம் பெரிசா சார் என்று கேட்டேன். மறுநாள் என் துறைத் தலைமைப் பதவி போயிற்று, படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை கிடைத்தது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் திறக்காது. அப்பா அந்த முழங்காலோடு வந்து எல்லார் கண் முன்னாலும் என் மீன்தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவர்கள் பார்க்க அழவில்லை. சரியான குடல் செல்கள் அடுத்த வாரம் வருகின்றன, முதலிலிருந்து தொடங்குகிறோம். என் கணக்கு தப்பாகவே முடிந்தாலும் அதை நானே சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

இனி உனக்கு மட்டும் ஒன்று. உறைய வைத்த பழைய செல்களைத் தேதிவாரியாகச் சோதித்ததில் கலப்பு எந்த வாரத்தில் நடந்தது என்று தெரிந்துவிட்டது. குறிப்பேட்டைப் புரட்டினேன். ஒரு குடுவையை முடித்து, மேசையைத் துடைத்து, செல் திரவத்தை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டை மாற்றி, அரை மணி கழித்துத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பது நானே சுவரில் ஒட்டிய விதி. அந்த வாரத்தில் ஒரு நாள் இரண்டு குடுவைக்கும் ஒரே நேரம் எழுதியிருக்கிறேன், பதினொன்று நாற்பது. அது நீ பள்ளிக்கூட மதிலிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட நாள். தலைமையாசிரியை கூப்பிட்டதும் பிப்பெட்டை மாற்றாமலே அவசர அவசரமாக முடித்துவிட்டு ஓடிவந்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு உன்னால்தான் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் விமானம் ஏறி வந்து உதைப்பேன். தப்பு என் கையுடையது, உன் கையுடையது அல்ல.

எல்லா நலமும் பெற்று நிறைந்து வாழ்வாய். கடைவாய்ப் பல்லை மருத்துவரிடம் காட்டாமல் தள்ளிப் போடாதே. குளிர்பெட்டியில் வைக்கும் டப்பாக்களில் தேதி எழுது, உன் அம்மா சொல்கிறாள், அனுபவசாலி. இன்றைக்கு அதே பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலும் அப்படியேதான் ஓடிவருவேன். கையிலிருக்கும் பிப்பெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு.

முத்தங்களுடன்,
உன் அம்மா
(படிக்கட்டுக்கு அடியிலிருந்து)