தூக்குவாளியோடு குதிப்பது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் பாண்டீஸ்வரி எழுதுவது. நீயும் அப்பாவும் சுகமா? கூடலூரில் மழை விட்டதா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். காவலர் பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள், அதனால்தான் கடிதம்.

சுவரேறிக் குதிக்கும் பயிற்சியில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. சரியாகாவிட்டால் அடுத்த அணியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். முட்டியை மடக்காமல் குதிக்க யார் பழக்கியது என்று பயிற்சியாளர் திட்டினார். எனக்கு உன் நினைப்புதான் வந்தது. ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் நிற்பதற்குள், தூக்குவாளியில் குழம்பு சிந்தக்கூடாதென்று நீ விறைப்பாகக் குதிப்பாயே. லீவு நாட்களில் உன்னோடு வேலைக்கு வந்து நானும் அப்படித்தான் பழகினேன்.

இங்குள்ள நர்ஸ் அக்கா மலையாளி. விறைப்பாக விழுந்தால் உடம்பின் பாரம் முழுக்க மூட்டில்தான் இறங்கும் என்றார். "மலைக்குளிருதான்டி முட்டியப் பிடிக்குது" என்று நீ தைலம் தேய்ப்பதைச் சொன்னேன். குளிர் மட்டும் இல்லை மோளே என்றார்.

எல்லோரும் மைதானத்துக்குப் போய்விட்டால் கூடத்தில் நான் மட்டும்தான். காலுக்கு அடியில் மடித்து வைக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

விசில் ஊதிவிட்டார்கள். ஜீப்பை முழுதாக நிறுத்தும்படி, அதை ஓட்டும் தங்கப்பாண்டி அண்ணனிடம் சொல். நின்ற பிறகு முட்டியை மடக்கி மெதுவாக இறங்கு. குழம்பு சிந்தினால் சிந்தட்டும், அம்மா.

பாண்டீஸ்வரி