சக்கை விட்ட குளம்

அன்பு மகள் ஜாஸ்மிக்கு, போர்த்துக்கல் சீமையின் திராட்சைத் தோட்டமெல்லாம் உனக்கு நிழல் தரட்டும், இங்கே உன்னை வளர்த்த சித்தப்பனும் சித்தியும் மாதா புண்ணியத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். பைபிளில் கைவைத்துச் சொல்லுகிறேன் மக்கா, இப்போது எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள், நீயும் நம்பாதே.

ஒரு குப்பி வைனுக்கு எவ்வளவு தண்ணீர் செலவு, எவ்வளவு புகை வானத்துக்குப் போகிறது என்று அங்கே உத்தியோகமாய் நீ அளக்கிறாய், நம்ம வீட்டுக் கிறிஸ்மஸ் வைனையும் அளந்து சொல்லுங்கள் என்று கேட்டாய், நான் விடுவேனா. கம்பத்திலிருந்து திராட்சை ஏற்றிவந்த லாரி குடித்த டீசலை டிரைவர் வாயாலேயே சொல்லவைத்தேன், சாடி கழுவிய தண்ணீரைச் செம்பால் அளந்ததில் அரபிக்கடலே நாலு விரல் இறங்கிப்போச்சு. உங்களுக்கு வேற சோலி இல்லியா என்றாள் உன் சித்தி. யார் வைன் பூமிக்குப் பாரம் குறைவு, பார்த்துவிடுவோம் என்று நான் மாதா கோயில் முற்றத்தில் மார்தட்டப்போய், வழக்கமாய் நாலைந்து வீட்டில் போடுகிற வைன் இந்தத் தடவை வீட்டுக்கு வீடு சாடி சாடியாய்ப் பொங்கிற்று.

பிழிந்த சக்கையில்தான் வந்தது வினை. பங்குச் சாமியார் மந்திரித்த சாடியின் சக்கை காலில் மிதிபடக்கூடாது என்று குளத்தில் விடுவது நம்ம வழக்கமாச்சே, எல்லா வீடும் ஒரே நாளில் கொண்டுபோய் விட்டது. கோயில் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து கட்லா வளர்க்கிறாளே பெமிலா, கிறிஸ்மஸுக்கு வலை வீசலாம் என்று இருந்தாள், அவளுடைய மீனெல்லாம் தள்ளாடிக் கரையேறி, வரிசை கட்டிப் பாட்டுப் பாடின, அதில் ஒரு கிழட்டுக் கட்லா ஏலே சிலுவைதாசா, இன்னும் ஒரு கிளாஸ் ஊத்துலே என்று என்னை அதட்டிற்று. நான் செம்பும் கையுமாகப் போய் நின்றேன். பெமிலா தலை நிமிரவில்லை. அண்ணே, என் மீனை எந்தச் செம்பால அளப்பிய என்று கேட்டாள்.

அதற்கு உன் அளவையில் இடம் உண்டா மக்கா? நான் குப்பியை மூடினதோடு அளந்து முடித்துவிட்டேனே. வைன் எல்லா வீட்டிலும் அப்படியே இருக்கிறது, தொட ஆளில்லை. குளம் கறுத்து நாறுகிறது. தண்ணீரை இறைத்துவிட்டால் தெளியுமா, புதுக் குஞ்சு விட்டால் பிழைக்குமா, இங்கே யாருக்கும் ஒரு வழியும் தெரியவில்லை, எனக்குச் சுத்தமாய்த் தெரியவில்லை.

அங்கே குளிர் காலமாம், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. வேளாங்கண்ணி மாதா உன்னைக் கைவிடமாட்டாள். அங்கே சக்கையை என்ன செய்கிறார்கள் என்று மறக்காமல் எழுது.

கடல் இறங்கினதும் கட்லா அதட்டினதும் உன் சித்தப்பன் விட்ட சரடு. மீன் ஒன்று மிச்சமில்லாமல் செத்தது மட்டும் உள்ளதுதான்.

உன் சித்தப்பன்
சிலுவைதாசன்