ஓடைக்காகத் தூக்கிய கை

டென்மார்க்
நவம்பர் 19, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தனு எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டுமென்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். ரோட்டில் கோயில் வளைவுக்கு வந்தால்தானே உங்கள் போனில் சிக்னல் எடுக்கும். பேசத் தொடங்கும்போதே அறுந்துவிடுகிறது. அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

நாங்கள் எட்டு மாணவர்கள் ஒரு பழைய வீட்டில் இருக்கிறோம். பூமிக்குப் பாரமில்லாமல் வாழ்ந்து பார்ப்பதும் எங்கள் படிப்பில் சேர்த்தி. ஐந்து நிமிடத்துக்கு மேல் குளிக்கக்கூடாது. எவ்வளவு குளிர்ந்தாலும் ஹீட்டரைக் கூட்டக்கூடாது. புதுத்துணி வாங்கக்கூடாது. கடையில் விலைபோகாத மரக்கறியைக் கொண்டுவந்து சேர்ந்து சமைக்கிறோம். முட்டை ஓட்டை எந்த வாளியில் போடுவது என்பதற்கு இங்கே ஒரு கூட்டமே நடந்தது.

ஒரு நல்ல செய்தி. சூழலைக் கெடுக்காத தோட்டங்களுக்கு முத்திரை கொடுக்கும் ஓர் அமைப்புக்கு எங்கள் விரிவுரையாளர் ஆலோசகர். அந்த அமைப்பில் இருந்து தை மாதத்தில் இலங்கைக்கு, நம் தேயிலைத் தோட்டத்துக்கும் வருகிறார்களாம். நல்லவர்கள் அக்கா. பயப்படாமல் பேசுங்கள்.

பாசமுள்ள தங்கை,
தனுஷிகா

*

நோர்வூட்
ஜனவரி 28, 2024

என் அன்புத் தங்கச்சி தனுவுக்கு,

ஜீவராணி அக்கா எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகம். உன் அத்தானுக்குத்தான் பனியில் இருமல்.

ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கவும் பழையதைத் தைத்துப் போடவும் அவ்வளவு தூரம் பறந்து போனாயா? என்னிடம் சொல்லியிருந்தால் இங்கேயே பாஸ் போட்டிருப்பேன். சிரித்துவிட்டு ஒழுங்காகச் சாப்பிடு. படத்தில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது.

உன் ஆட்கள் வந்தார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தினார்கள். தோட்டத்தை நடத்தும் தொரையும் இருந்தார், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கும் இருந்தார். நீலக் கோட்டுப் போட்ட வெள்ளைக்கார அம்மாவிடம், "எங்க தனுஷிகாவத் தெரியுமாங்க?" என்று கேட்டேன். என்ன புரிந்ததோ, கையைப் பிடித்துச் சிரித்தார். பிறகு கண்டாக்குதான் தமிழில் சொன்னார்: "ஓடையப் பாதுகாக்கணும்னு கேக்குறாங்க. சம்மதம்னா கையத் தூக்குங்க."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா என் இடுப்பில் இடித்து, "ஒன் தங்கச்சி ஆளுங்கதானே, நீ தூக்குடி" என்றாள். உன் ஆட்கள் நிற்கும்போது ஒரு கையும் எழும்பாவிட்டால் உனக்குத்தானே மரியாதைக் குறைச்சல். நான்தான் முதலில் தூக்கினேன். அப்புறம் நாலு லயத்து வீட்டாரும் தூக்கினார்கள். படமெல்லாம் எடுத்தார்கள். உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அன்பு அக்கா,
ஜீவராணி

*

டென்மார்க்
பிப்ரவரி 4, 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததில் இருந்து கை கால் ஓடவில்லை. ஓடையைப் பாதுகாப்பது என்றால் என்னவென்று அங்கே யாரும் விளக்கவில்லையா? இரண்டு கரையிலும் பத்து மீட்டருக்கு ஒன்றும் பயிரிடக்கூடாது. காட்டுமரம்தான் நடவேண்டும். போஞ்சி, லீக்ஸ், கோவா என்று நம்முடைய மரக்கறி எல்லாமே அந்தக் கரையில்தானே இருக்கிறது. நாலு லயத்துக்கும் சொந்தம்போல் இருப்பது அந்தப் பாத்திகள் மட்டும்தானே.

வகுப்பில் இதைப் படித்தபோது சரியென்றுதான் எழுதினேன். நம் பாத்தி எனக்கு நினைவுக்கே வரவில்லை. உடனே நாலு பேராகப் போய்த் தொரையிடம் பேசுங்கள்.

தனு

*

நோர்வூட்
மார்ச் 17, 2024

அன்புத் தனுவுக்கு,

உன் கடிதத்தைக் கோயில் வளைவில் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோதே கரையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தொரையிடம் போனோம். அவர் வெளியே வரவில்லை. கண்டாக்கு, "நீங்கதானே கையத் தூக்குனீங்க, படம் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கோவா பாதிகூட முற்றவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். மரக்கன்று நடக் குழி வெட்டும் வேலையை உன் அத்தானுக்கே கொடுத்தார்கள். எங்கள் பாத்தியில் அவரே குழி வெட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால்கூடத் தேவலை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. தினமும் வாசலில் நின்று கூப்பிட்டு அழைத்துப்போகும் அம்மாக்கண்ணு அக்கா, இப்போது கூப்பிடாமலே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். ஒரேயொரு நாள் நின்று, "ஒன் தங்கச்சிகிட்ட சொல்லு. அவ சொன்னா கேப்பாங்க" என்றாள்.

எப்படியாவது பேசு தனு. எனக்கு வேறு யாரைத் தெரியும்?

அக்கா

*

டென்மார்க்
மே 5, 2024

அன்புள்ள அக்கா,

பேசினேன். விரிவுரையாளர் பொறுமையாகக் கேட்டார். பொதுக்கூட்டத்தில் தொழிலாளர்களே எடுத்த முடிவை வெளியில் இருப்பவர்கள் மாற்றுவது முறையில்லை என்றார். அமைப்புக்கு மூன்று தடவை எழுதினேன். அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது.

போன வாரம் விரிவுரையாளர் வகுப்பில் ஒரு படம் காட்டினார். திரை நிறைய நீங்கள். முதுகில் கூடை, சிரித்த முகம், தூக்கிய கை. மக்களே முன்வந்து ஓடையைக் காத்த தோட்டம் என்று கீழே எழுதியிருந்தது. நான் எழுந்து, "அது என் அக்கா" என்றேன். அதற்கு மேல் சொல்லவிடாமல் எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடிந்தபிறகு மீதியைச் சொன்னேன். ஒருத்தி கேட்டாள், விருப்பமில்லை என்றால் ஏன் கையைத் தூக்கினார் என்று. எனக்காகத் தூக்கினார் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை விடுமுறைக்கு வருகிறேன். லயத்தில் வீடுவீடாகப் போகிறேன். அவர்கள் என் ஆட்கள் இல்லை, என்னால் ஒன்றும் ஆகாது, என் அக்காமேல் தப்பில்லை என்று நானே சொல்கிறேன்.

தனு

*

நோர்வூட்
மே 26, 2024

என் தங்கச்சிக்கு,

அழாதே. உன்னால் ஆனதைச் செய்துவிட்டாய்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் அம்மாக்கண்ணு அக்கா தானாக வந்து பேசினாள். "தனு என்னா சொல்லுது?" என்று கேட்டாள். "பேசிக்கிட்டே இருக்கா. அங்கயெல்லாம் நாளெடுக்குமாம்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். இப்போது கொழுந்து நிறுக்கும் இடத்திலும் எல்லோரும் எனக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். கரை திரும்பக் கிடைக்கும் என்று வீட்டுக்கு வீடு விதைப் போஞ்சியைத் துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே கட்டி வைத்திருக்கிறார்கள்.

நீ வந்து உண்மையைச் சொன்னால் உன் மனசு லேசாகிவிடும். நான் இந்த லயத்தில்தான் இருக்கவேண்டும். உன்னைப் பார்க்க எவ்வளவோ ஆசையாக இருக்கிறது. ஆனாலும் ஜூலையில் வராதே தனு. அடுத்த வருடமும் வேண்டாம். நீ அங்கேயே இருந்தால்தான், என் தங்கச்சி பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

உன் அக்கா,
ஜீவராணி